காற்றைக் குடிக்கும் கார்!

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் விராலிமலை. மலை மீது முருகன் கோயில். மலையைச் சுற்றிலும் மயில்கள். இந்த முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் செய்யும் வழக்கம் உண்டு என்பது பலரும் அறிந்த செய்தி.

சுருட்டுக்கும் மோட்டார் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் கார் வந்து சேரட்டும்!

தந்தை ஆசையாக வாங்கிய அம்பாசிடர் காரில், மகன் தம் குடும்பத்தோடு விராலிமலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வயது 20-க்கு மேல். திருச்சியில் புறப்படும்போதே எஞ்சின் சரியில்லை. சிக்னலில் நின்றால் வண்டியே நடுங்குகிறது. இரண்டு தடவை அணைந்தும் போயிற்று. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்த பிறகு பாதகமில்லை. ஆனால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்ஸரில் "பட், பட்" என்று வெடிச் சத்தம். மலையடிவாரத்து மயில்கள்கூட மிரண்டு ஓடுகின்றன!

சாமி கும்பிட்டு இறங்கியதும் சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்துகிறார்.

"அண்ணே, பிளக் மாத்தியாச்சு. பெட்ரோல் பில்டர் மாத்தியாச்சு. போன மாசம் இஞ்ஜெக்டரையும் கழட்டிக் கழுவியாச்சு. இனிமே எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும்னு ஒருத்தர் சொல்றாரு. இஞ்ஜெக்டரையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு கார்ப்பரேட்டரைப் போடுன்னு இன்னொருத்தர் சொல்றாரு. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு இருக்கு."

"அவசரப்படாதீங்க தம்பி. வண்டி எப்ப இப்படிப் பண்ணுது? நிக்கும்போதா, ஓடும்போதா?"

"நிக்கும்போதுதான் அண்ணே."

"இஞ்ஜெக்டரைக் கழுவுனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மகன் யோசிக்கிறார். "முன்னாடி பிக்கப்தான் இல்லாம இருந்துச்சு. இந்த நடுக்கம் அதுக்கு அப்புறம்தான்."

நோய் பாதி பிடிபட்டுவிட்டது! கையில் ஒரு ஸ்பானரைக்கூட இன்னும் எடுக்கவில்லை. எப்போது என்ற ஒரு கேள்வி, எத்தனையோ உதிரிப் பாகங்களின் விலையை மிச்சப்படுத்தும். அது எப்படி?

ஒன்றுக்குப் பதினான்கு

ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இது ரசாயனக் கணக்கு. சோற்றுக்கு உப்பு போல இந்த அளவு அமைய வேண்டும்.

பெட்ரோல் கூடிவிட்டால் கறுப்புப் புகை வரும்; பிளக்கில் கரி படியும்; மைலேஜ் குறையும். காற்று கூடிவிட்டால்? அதைத்தான் மெக்கானிக்குகள் "லீன்" என்கிறார்கள். "ஏர் எடுக்குது", "பெட்ரோல் பத்தலை" என்று பட்டறைகளில் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

லீனாக ஓடும் வண்டியில் கறுப்புப் புகை இராது. பார்வைக்குப் பரமசாது! அதுதான் ஆபத்து. பாரம் ஏற்றி வேகமாகப் போகும்போது பெட்ரோல் குறைந்தால் எரியறையில் உஷ்ணம் ஏறுகிறது. எஞ்சின் "நாக்" அடிக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு கருகுகிறது. அலட்சியமாக விட்டால் பிஸ்டனிலேயே ஓட்டை விழலாம். தீப்பிடிக்காமல் வெளியேறும் பெட்ரோல் ஆவி, சைலன்ஸர் வழியிலுள்ள காட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பாழாக்கும்.

ஆகவே, "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விடத்தக்க கோளாறு அல்ல இது.

அம்பாசிடரில் இஞ்ஜெக்டரா?

அம்பாசிடர் என்றால் கார்ப்பரேட்டர் என்றே பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி அது. 1990-களில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1,800 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அதற்கு வந்தது. பின்னர் அந்த எஞ்சினுக்கு, சிலிண்டருக்கு ஓர் இஞ்ஜெக்டர் வீதம் வைக்கும் "மல்டி பாயிண்ட்" ஏற்பாடும் வந்தது.

காரணம், புகைக் கட்டுப்பாடு. தலைநகர் வட்டாரத்தில் 2000 ஏப்ரல் முதல் "யூரோ 2" அளவுக்கு உட்பட்ட தனியார் கார்களையே பதிவு செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-ல் உத்தரவிட்டது. நாளடைவில் நாடெங்கும் விதிகள் இறுகின. கார்ப்பரேட்டர் விடைபெற்றது. சாமானியர்களின் காரான மாருதி 800-க்கும் 2000-ல் இஞ்ஜெக்டர் வந்துவிட்டது.

உலகத்துக்கு இது புதிதல்ல. மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். என்ற பந்தய அழகி 1954-லேயே இஞ்ஜெக்டரோடு வந்தாள். டிரான்ஸிஸ்டர் மூளை கொண்ட ஜெர்மனியின் பாஷ் ஏற்பாடு, 1967-ல் வோக்ஸ்வாகன் 1600 காரில் விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் அந்த மாறுதல் காலத்தில் வாங்கிய கார்களுக்கு இன்று வயது 20, 25. எஞ்சின் இரும்பு தாங்கும். ரப்பர் குழாயும் வளையமும் ஒயர் இணைப்பும் தாங்குமா? பழைய இஞ்ஜெக்டர் வண்டிகளின் தொல்லையில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப்பிள்ளை

கார்ப்பரேட்டரில் காற்று பாயும் வேகமே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இஞ்ஜெக்டர் வண்டியிலோ ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்கு எழுதுகிறது. உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று கணித்து, அதற்குத் தக்கபடி இஞ்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. எஞ்சின் நிதானமாக ஓடும்போது அது திறந்திருக்கும் நேரம், ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறுதான்!

காற்றைக் கணிப்பதில் இரு வகை உண்டு. வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணும் காவல்காரன் போல, காற்றுப் பாதையின் வாயிலிலேயே அளப்பது ஒரு வகை. உள்ளே எவ்வளவு நெரிசல் என்று பார்த்துக் கணிப்பது போல, மேனிபோல்டின் அழுத்தத்தை அளப்பது இன்னொரு வகை.

முதல் வகையில், அளக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு குழாய் வெடித்திருந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது. வாசலில் டிக்கெட் வாங்காமல் கொட்டகைக்குள் புகுந்த ஆள் போலத்தான்! கம்ப்யூட்டர் குறைந்த பெட்ரோலே போடும். எஞ்சின் லீனாகும்.

இரண்டாவது வகையில் பொதுவான கசிவு ஏற்பட்டால், அழுத்தம் மாறுவது கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும், பெட்ரோலையும் கூட்டிவிடும். ஐட்லிங் வேகம்தான் ஏறும். ஆனால், ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையில் மட்டும் காற்று புகுந்தால் அந்தச் சிலிண்டர் பட்டினி கிடக்கும், எஞ்சின் நடுங்கும்.

ஆகவே, தம் முன்னால் நிற்கும் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் மெக்கானிக் கை வைக்கக் கூடாது.

நின்றால் காற்று, ஓடினால் பெட்ரோல்!

"எப்போது?" என்ற கேள்விக்கு வருவோம்.

ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்று மிகக் குறைவு. அப்போது ஒரு சிறு விரிசல் வழியாக நுழையும் திருட்டுக் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். வேகத்தில் எஞ்சின் பல மடங்கு காற்றை இழுக்கும்போது அதே திருட்டுக் காற்று கடலில் கரைத்த பெருங்காயம்! எனவே, நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது சரியானால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவின் மீது விழ வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது பட்டுப்போல் ஓடி, லாரியை முந்தும்போது மூச்சு வாங்கினால்? தேவையான பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். பம்பு, பில்டர், டாங்க் வடிகட்டி, இஞ்ஜெக்டர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நின்றாலும் ஓடினாலும் ஒரே தொல்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தையோ, கம்ப்யூட்டருக்குத் தப்பான தகவல் தரும் சென்ஸாரையோ சந்தேகிக்கலாம்.

சைலன்ஸர் வழியில் ஆக்ஸிஜன் சென்ஸார் உள்ள வண்டியில் இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பெட்ரோல் குறைகிறது என்று அந்தச் சென்ஸார் சொன்னால், கம்ப்யூட்டர் தானாகவே சில விழுக்காடு கூட்டிப் போடும். எவ்வளவு கூட்டியது என்று ஸ்கேனரில் பார்க்கலாம். ஐட்லிங்கில் கூடுதலாகவும், 2,500 சுற்றில் இயல்பாகவும் இருந்தால் அது காற்றுக் கசிவின் கைரேகை! ஆனால், மிகப் பழைய வண்டிகள் பலவற்றோடு இன்றைய ஸ்கேனர் பேசாது. அங்கே மெக்கானிக்கின் காதும், ஒரு மல்டி மீட்டரும், ஒரு பெட்ரோல் பிரஷர் கேஜும்தான் துணை.

சுருட்டு வந்தது!

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் வழி. அதற்குப் புகையைவிடச் சிறந்தது எது?

எஞ்சினை அணைத்து, காற்றுப் பாதையின் வாயை அடைத்து, ஒரு குழாய் வழியே மெல்லப் புகையை ஊதினால், விரிசல் உள்ள இடத்தில் இழையாக அது வெளியே வரும். இதற்கென்றே எண்ணெயைச் சூடாக்கிப் புகை எழுப்பும் சிறு யந்திரங்கள் இருக்கின்றன. அந்த யந்திரம் இல்லாத வெளிநாட்டுக் கார்ப் பிரியர்கள் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சுருட்டைப் பற்ற வைத்து அதன் புகையைக் குழாயில் ஊதிக் கசிவைக் கண்டுபிடிக்கிறார்கள்! விராலிமலையில் சுருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் நெருப்பு கூடாது. சுருட்டு முருகனுக்கே இருக்கட்டும். பட்டறைக்குப் புகை யந்திரமே உத்தமம்.

அதுவும் இல்லையென்றால் தண்ணீர் போதும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, பிளக் ஒயரிலும் மின் இணைப்பிலும் படாமல், சந்தேகமான மூட்டுகளில் தண்ணீரைப் பூவாகத் தெளித்தால், தண்ணீர் விரிசலை ஒரு கணம் அடைக்கும். எஞ்சினின் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கிளீனர் திரவத்தையோ பீய்ச்சுகிறார்கள். சூடான எஞ்சினில் அது தீ விபத்தை வரவழைப்பதாகும்.

எங்கெங்கே பார்ப்பது? பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், எஞ்சின் ஆவியை உறிஞ்சும் குழாய், மேனிபோல்ட் கேஸ்கெட், இஞ்ஜெக்டரின் அடியிலுள்ள ரப்பர் வளையம், ஆயில் ஊற்றும் மூடி இவையெல்லாம் காற்றுத் திருடன் புகும் வழக்கமான வாசல்கள்.

பெட்ரோல் வருகிறதா?

காற்றில் குற்றமில்லை என்றால் பெட்ரோல் பக்கம் திரும்ப வேண்டும். மல்டி பாயிண்ட் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் அழுத்தம் 2½ முதல் 3 "பார்" வரை இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கேஜ் மாட்டாமல், "பம்பு சத்தம் கேட்கிறது, அதனால் பம்பு நல்லது" என்று முடிவு கட்டக் கூடாது.

அழுத்தம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். குறிப்பிட்ட வினாடிகளில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளவு ஜாடியில் பிடித்துப் பார்ப்பது நல்ல சோதனை. எஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். அதை இறக்கிவிட்டே கழற்ற வேண்டும். சூடான எஞ்சினும் பீடியும் பக்கத்தில் இருக்கலாகாது.

பம்பு பலவீனமாக இருந்தால் உடனே புதுப் பம்பு வாங்க ஓட வேண்டாம். பாட்டரியில் 12½ வோல்ட் இருந்து, பம்பில் 10 வோல்ட்தான் வந்து சேருகிறது என்றால் குற்றவாளி பம்பு அல்ல. துருப்பிடித்த எர்த்தோ, தேய்ந்த ரிலேயோதான். உப்புத்தாளால் தேய்த்தால் தீரும் நோய்க்கு ஆபரேஷன் எதற்கு?

பொய்ச் சாட்சிகள்

சென்ஸார்களும் பொய் சொல்லும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் அதிகம் வேண்டும். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்ஸார், விடியற்காலையிலேயே "எஞ்சின் கொதிக்கிறது" என்று தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் இருமல். சூடேறிய பிறகு சுகம். சூடு ஏற ஏற அந்தச் சென்ஸாரின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓமிலிருந்து சில நூறு ஓமாக இறங்க வேண்டும். மல்டி மீட்டரில் இதை இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆக்ஸிஜன் சென்ஸாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதற்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பிளக் எரியாத சிலிண்டரிலிருந்தும் எரியாத காற்று வரும். இரண்டையும் சென்ஸார் "லீன்" என்றே சொல்லும். அது பெட்ரோலை முகர்வதில்லை. மிஞ்சிய ஆக்ஸிஜனைத்தான் முகர்கிறது!

புதுப் பெட்ரோல், பழைய கார்

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்தில் 20 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டுவிட்டதாக 2025-ல் மத்திய அரசு அறிவித்தது.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அது எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே, 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு உகந்த காற்று 14.7 பங்கு அல்ல. சுமார் 13½ பங்குதான். பழைய கணக்குப்படியே பெட்ரோலை அளந்து போடும் வண்டி, தன்னில் எந்தக் கோளாறும் இல்லாமலே கொஞ்சம் லீனாகிவிடும். ஆக்ஸிஜன் சென்ஸார் உள்ள வண்டி தன்னால் இயன்ற மட்டும் சரிசெய்துகொள்ளும். அது இல்லாத வண்டிக்கு அந்த வசதி கிடையாது. ஏற்கனவே சிறு கசிவு உள்ள வண்டியானால், இது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்த கதைதான்.

எத்தனாலுக்கென்று தயாரிக்கப்படாத பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி உப்பிப் பழுதாகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய காரின் டாங்கில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்க அது வழி செய்யும். வண்டியை மாதம் ஓரிரு முறையாவது ஓட்டுவதும், எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதும் நல்ல காப்பு.

குற்றவாளி பிடிபட்டான்

இனி விராலிமலைப் பட்டறைக்குத் திரும்புவோம்.

எஞ்சின் ஐட்லிங்கில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் ஒவ்வொரு இஞ்ஜெக்டரின் மின் இணைப்பையும் ஒரு கணம் கழற்றி மாட்டுகிறார். முதலாவதைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடுகிறது. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினால்? ஒரு மாறுதலும் இல்லை! மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவே இல்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். மற்றவை காப்பி நிறத்தில் இருக்க, இது மட்டும் வெளுத்திருக்கிறது. மறுபடி மாட்டி, மூன்றாவது இஞ்ஜெக்டரின் அடியில் தண்ணீரைத் தெளிக்கிறார். எஞ்சின் ஒரு கணம் சீராகி, மீண்டும் நடுங்குகிறது.

இஞ்ஜெக்டரைக் கழற்றியதும் உண்மை வெளிப்படுகிறது. போன மாதம் கழுவியவர்கள், காய்ந்து இறுகிய பழைய ரப்பர் வளையத்தையே திரும்பவும் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வளையத்தில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு!

"பாத்தீங்களா தம்பி? முதல் கோளாறைச் சரி பண்ணுனது உண்மை. ரெண்டாவது கோளாறை அங்கேயே வச்சு அனுப்பிட்டாங்க."

நான்கு இஞ்ஜெக்டர்களுக்கும் புது வளையம் போடுகிறார்கள். எஞ்சின் பழையபடி உறுமுகிறது. எஞ்சினை இறக்கவில்லை. கம்ப்யூட்டரை மாற்றவில்லை. தந்தை வாங்கிய கார் பழைய இரும்புக்குப் போகவில்லை.

இதற்குச் செலவு என்ன? சில ரப்பர் வளையங்களின் விலையும், அரை மணி நேர யோசனையும்தான்.

அம்பாசிடர் தயாரிப்பு நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்படிப்பட்ட கார்களுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் அதே பாகம் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே, சோதித்த பிறகு மாற்றுவது என்பது, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கனம் மட்டுமல்ல. அந்தக் காரைக் காப்பாற்றும் ஒரே வழியும் அதுதான்.

அடுத்த முறை உங்கள் பழைய கார் நடுங்கினால் பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: நின்றால் நடுங்குகிறதா, ஓடினால் நடுங்குகிறதா? பதிலைக் கார் சொல்லும்!